மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னவர்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது மின் மீட்டர் எங்கே இருக்கிறது என்பதைத்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால்கூட, "அப்பால குடிக்கிறேன்மா, மொதல்ல மெயினைக் காட்டுங்க" என்பார். காட்டியதும் வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றுபோகும். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம், அவர்களோடு சேர்ந்து வியர்த்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டால் அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று செய்தி பரவிய நேரம் அது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் நாலு பேர் கூடிய இடமெல்லாம் அதே பேச்சு. பேனல் மாட்டிக் கொடுக்கும் கம்பெனிகள் புற்றீசல் மாதிரி வந்தன. அவர் அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். இணையத்தில் விண்ணப்பத்தைப் போடுவது, மின்வாரிய அலுவலகத்தில் அனுமதி வாங்குவது, பேனல் ஏறிய பிறகு மீட்டரை மாற்ற ஆளைக் கூட்டி வருவது, மானியம் வங்கிக் கணக்கில் விழுகிறவரை பின்தொடர்வது, எல்லாம் அவர் பாடு. ஐம்பதைத் தாண்டியவர். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு காரணம் உண்டு. மெயினை மறுபடி ஏற்றியதும் ஒவ்வொருவரையும் பார்த்து, "எது நின்னது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்பார். பதிலைக் குறித்துக்கொண்ட பிறகுதான் விண்ணப்பத்தைத் தொடுவார். அயப்பாக்கத்தில் ஒரு மென்பொருள்காரர், அலுவலக அழைப்பு பாதியில் அறுந்துவிட்டது என்று எகிறியிருக்கிறார். இவர் அசையவில்லை. "சார், இன்னிக்கு நான் இறக்கினேன், ஏத்திட்டேன். நாளைக்கு டிரான்ஸ்பார்மர் போனா யாரைத் திட்டுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் பருத்திப்பட்டில் அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று உண்டு. அந்த அம்மாள் என் அம்மாவோடு ஏரிக்கரையில் நடக்க வருபவர். அவர் வீட்டில் பத்து நிமிடம் முடிந்து மெயினை ஏற்றிய பிறகும் கணவனும் மனைவியும் மோர் குடித்தபடி பழைய குவார்ட்டர்ஸ் கதையைப் பேசிக்கொண்டே இருந்தார்களாம். கரண்டு வந்ததையே கவனிக்கவில்லை. இவர் மின் கட்டண ரசீதுகளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"இன்னா சார், எலவச யூனிட்டையே நீங்க தாண்டலையே. பேனலு போட்டு இன்னா பண்ணப் போறீங்க? வடாம் காயப் போடற எடம்தான் போவும்."

வந்த வாடிக்கையாளரை இப்படித் துரத்தினால் முதலாளிக்கு வயிறு எரியுமா எரியாதா? எரிந்தது. அவரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார்: "எங்க ஓனரு என்னைப் பாத்தா தலையில அடிச்சிக்குவாரு மேடம்."

எனக்கு ரவிக்கை தைக்கும் அக்கா நெமிலிச்சேரியில் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர். நாலு தையல் மெஷின். இந்த மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், கடைக்குக் கிடையாது என்று தெரிந்ததும், வீட்டு இணைப்பில் பேனல் போட்டுக் கடைக்கு ஒரு வயரை இறக்கிக்கொள்ளலாம் என்று வேறொரு கம்பெனிக்காரன் யோசனை சொல்லியிருக்கிறான். இவரிடம் கேட்டபோது மறுத்துவிட்டார்.

"இப்ப நல்லாதான் இருக்கும்கா. மீட்டரு மாத்த வர்றவரு காதுல கீழ மெஷினு ஓட்ற சத்தம் வுழுந்துச்சுன்னு வை, அப்பால ஊட்டு இணைப்பும் சேத்துப் பேஜாரு."

அத்தோடு விடவில்லை. தன் வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் அந்த அக்காவைத் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, சிறுதொழில் செய்பவர்களுக்கான அலுவலகத்துக்கு அலைந்து, வேறொரு திட்டத்தின் விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் அவருக்கோ அவர் கம்பெனிக்கோ ஒன்றும் கிடையாது. அந்த அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "இப்படியும் ஒரு மனுசன் பொழைக்கத் தெரியாம இருப்பானா?" என்றார். திட்டுகிறாரா புகழ்கிறாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு அவரை நான்தான் வரச் சொன்னேன். வீட்டில் நான், அம்மா, அப்பா மூன்று பேர். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் நுரையீரல் கெட்டுப்போனது. "பாதி பீடி, மீதி பிடிவாதம்" என்பார் அம்மா. கடைசி இரண்டு வருடம் ஆக்சிஜன் மெஷின்தான் துணை. அறைக் காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியே மூக்குக்குக் கொடுக்கிற மெஷின். சிலிண்டர் தேவையில்லை, ஆனால் கரண்டு இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. இரவும் பகலும் அது ஓடியதில் மின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. சோலார் போட்டுவிட்டால் விடிவுகாலம் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்கும் மெயினைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கையை வைத்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா சத்தம் அது?"

அப்பாவின் மெஷின் என்றேன். கையை எடுத்துவிட்டு அறைக்குள் போனார். அப்பா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நைனா, கரண்டு போனா இன்னா பண்றீங்க?"

"இன்வெர்ட்டர் இருக்குப்பா" என்றார் அப்பா.

"எவ்ளோ நேரம் தாங்குது?"

"முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம். இப்ப முக்கால் மணியே பெரிசு."

அவர் எழுந்துபோய் இன்வெர்ட்டரின் பேட்டரியைப் பார்த்தார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இவருக்கு எதற்கு ஊர்க்கதை என்று நினைத்தேன்.

"மேடம், பேனலு போட்டா பில்லு கொறையும். அவ்ளோதான். கரண்டு போச்சுன்னா பேனலும் கூடவே நின்னுடும். வெய்யிலு மண்டையப் பொளந்தாலும் நின்னுடும்."

"வெயில் இருக்கறப்ப ஏன் நிக்கணும்?"

"கரண்டு போனா கம்பத்துல ஒருத்தன் ஏறிகினு இருப்பான். லைனு செத்துடுச்சுன்னு நம்பி வெறுங்கையால தொடுவான். உங்க மாடியிலேந்து கரண்டு போயி அவனை அடிக்கக்கூடாதில்ல? அதுக்காவ அது தானா நின்னுக்கும். அப்டிதான் செஞ்சிகீறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "மொதல்ல பேட்டரியைப் புதுசா மாத்துங்க. அப்பால நான் வந்து எழுதிக்கிறேன்" என்றார்.

அப்பாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

நான் படித்தவள். அம்பத்தூரில் குளிரூட்டிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். என் படித்த மூளை என்ன கணக்குப் போட்டது தெரியுமா? இந்த ஆள் பேட்டரிக் கடையில் கமிஷன் வாங்குகிறார் என்று. சோலார் கேட்டு வந்தவர்கள் தலையில் பேட்டரி கட்டுகிறார் என்று. கரண்டு போனால் சோலார் நிற்கும் என்றால் சோலார் எதற்கு? யாராவது நம்புவார்களா?

ஒரு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டு பேட்டரி மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒருநாள் ஆவடி ஸ்டேஷன் வாசலில் டீக்கடையில் நின்றவர், என்னைப் பார்த்ததும் டம்ளரோடு குறுக்கே வந்தார்.

"பேட்டரி மாத்தினீங்களா மேடம்?"

"பார்க்கலாம்ணா."

"பாக்கலாம்னு சொல்லாதீங்கமா. மானியம் எங்கியும் ஓடிடாது. நைனாவுக்கு அந்த மிசினு நிக்கக்கூடாது."

"நீங்க பேட்டரி விக்கிறீங்களாண்ணா?"

இதை நான் சாதாரணமாகக் கேட்கவில்லை. குத்திக் கேட்டேன். பக்கத்தில் டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "இல்லமா, நான் விக்கிறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார். புண்பட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரு நிமிடம் உறுத்தியது. ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

வேறொரு கம்பெனியைப் பிடித்தேன். அங்கிருந்து வந்த பையன் கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழவழப்பான தாள். "இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் மேடம்" என்றான். கரண்டு போனால் என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருகிறேன் என்றான். கழற்றிக் கொடுத்தேன். பேனல் ஏறியது. மீட்டர் மாறியது. மானியமும் வந்தது. மாடியில் நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அடுத்த ரசீதைப் பார்த்து அப்பா, "வெயில் அடிச்சா சும்மா சபிச்சிட்டிருந்தோம் இத்தனை வருஷமா" என்று சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

சித்திரை மாதம், மத்தியானம் ஒரு மணி இருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது. அடுத்த நொடி அப்பாவின் அறையிலிருந்து மெஷின் விடாமல் கூவத் தொடங்கியது. கரண்டு இல்லை என்று அது கொடுக்கும் எச்சரிக்கை.

நான் முதலில் அப்பாவிடம் ஓடவில்லை. மாடிக்கு ஓடினேன். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. மாடியில் வெயில் அனலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பேனல்கள் பளபளவென்று இருந்தன. ஒன்றின் மேல் கையை வைத்தேன், சுட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கீழே ஏன் கரண்டு இல்லை என்று முட்டாள் மாதிரி நின்றேன். இறங்கி வந்தபோது அப்பா இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. அம்மா விசிறியால் வீசிக்கொண்டே அழுதார்.

பேனல் போட்ட கம்பெனி போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அப்புறம் யாரைக் கூப்பிடுவது? அவரைத்தான் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் குரல் மட்டும் நினைவிருக்கிறது. கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"சிலிண்டரு கீதா?"

"இல்லண்ணா."

"எதிர் ஊட்ல இன்வெர்ட்டர் கீதுன்னு சொன்னீங்களே. ஓடிப்போயி கேளுங்க. வயரை இழுத்து மிசினை அதுல சொருவுங்க. நைனாவைப் படுக்க வெக்காதீங்க, ஒக்கார வெச்சே இருங்க. நான் வந்துகினே கீறேன்."

எதிர் வீட்டு அம்மாள் தூக்கத்திலிருந்து எழுந்து கதவைத் திறப்பதற்குள் எனக்கு யுகம் போனது. எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் வயர் எட்டவில்லை. அவர்கள் வீட்டு வயரையும் சேர்த்துத் தெருவின் குறுக்கே இழுத்தோம். ஒரு லோடு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, வயர் மேல் யாரும் ஏறிவிடாமல் காவல் நின்றார். மெஷின் மறுபடி கொர்ரென்று ஓடத் தொடங்கியபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இன்றுவரை நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவர் வந்துவிட்டார். வண்டியில் காலுக்கு நடுவே ஒரு சின்னச் சிலிண்டர், எங்கோ வாடகைக்கு வாங்கியது. அப்பாவின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோதான் நைனா, மெதுவா, மெதுவா இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாம்பல் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இன்வெர்ட்டர் இருந்த இடம் காலியாகக் கிடந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது நானே ஆரம்பித்தேன். "நீங்க அன்னிக்கே சொன்னீங்கண்ணா."

"சொன்னா மட்டும் போதுமா? எதிர்ல இருக்கிறவங்க மனசுல ஏற சொல்லணும். எனக்கு அது வரல." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சாப்ட்டீங்களா?"

மறுநாளே எங்கள் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும் கொண்டுவந்து மாட்டினார். அப்பா நாலு நாளில் வீடு திரும்பினார். ஆனால் போனவர் வேறு, வந்தவர் வேறு. அதற்கு முன்பெல்லாம் சாயங்காலம் குழாயோடு வாசல்வரை நடந்து வருவார். பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை. மார்கழியில் போய்விட்டார். அன்றைக்குக் கரண்டு இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வியாதி முற்றிவிட்டது, அந்த மத்தியானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் நல்லவர். நான் அவரை நம்பவில்லை.

சாவு வீட்டுக்கு அவர் வந்தார். பந்தலுக்கு விளக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். அம்மாவிடம் கை கூப்பினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டேன் என்பதுதான் சரி. ஸ்டேஷனில் அந்த டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். அவரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். வானகரத்தில் தனி வீடு வாங்கியிருக்கிறார். வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமனார். அவருக்கும் ஆக்சிஜன் மெஷின். சோலார் மானியத்துக்கு ஆள் தேடியிருக்கிறார்.

"நேத்து ஒருத்தர் வந்தாருங்க. சாம்பல் சட்டை, வயசானவர். மாமனாரைப் பார்த்ததும் ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாரு. பேட்டரி மாத்தாம எழுத மாட்டேன்னு ஒரே பிடியா நிக்கறாருங்க. ஏனுங்க இவ்வளவு சொல்றீங்கன்னு கேட்டா, ஒரு கதை சொன்னாரு. உங்க பருத்திப்பட்டுலதான் நடந்துச்சாமுங்க."

நான் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினேன்.

"இதே மாதிரி ஒரு பெரியவர், இதே மெஷினு. கரண்டு போனா பேனலும் நின்னுரும்னு அந்த வீட்டுல இவர் சொல்லாம விட்டுட்டாராம். மத்தியானம் கரண்டு போயி, பெரியவர் ரொம்பக் கஷ்டப்பட்டு அப்புறம் இறந்துட்டாராமுங்க. 'என் தப்பு சார், நான் சொல்லியிருந்தா அந்த நைனா இருந்திருப்பாரு'ன்னு சொல்றப்ப கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. பாவமாத்தான் இருந்துச்சுங்க. ஆனா பாருங்க, இவ்வளவு பெரிய விஷயத்தையே சொல்லாம விட்ட ஆளை நம்பி எப்படிங்க வேலை குடுக்கறது? இன்னொரு கம்பெனியில இருபத்துநாலு மணி நேரமும் கரண்டுங்கறாங்க. அவங்களையே வரச் சொல்லிட்டேன்."

கையைக் கழுவக்கூட எழவில்லை நான்.

"அவர் சொல்லாம விடல" என்றேன். "வீட்டுக்கு வந்து சொன்னார். போன்ல சொன்னார். ஸ்டேஷன்ல வழி மறிச்சுச் சொன்னார். அந்த வீடு எங்க வீடு. அது எங்க அப்பா. இன்வெர்ட்டரைக் கழற்றிக் கொடுத்தது நான்தான்."

அதுவரை அதை நான் என் அம்மாவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.